விமானியின் அறிவு

வானூர்தி புறப்படுவதற்கு முன் அதன் முகப்பிலுள்ள சிறிய அறையில் இருவர் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு உரையாடுகின்றனர். ஒருவர் வாசிக்கிறார், மற்றவர் உரிய கருவியைப் பார்த்துவிட்டு விடை கூறுகிறார். பல்லாயிரம் மணி நேரம் பறந்தவரும் சென்ற மாதம் பணியில் சேர்ந்தவரும் அதே சொற்களை அதே வரிசையில்தான் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து நோக்குவோருக்கு இது ஒரு சடங்காகவே தோன்றும். எழுதி வைத்ததை வாசித்து, விசைகளை அழுத்தி, எஞ்சியதைக் கணினியிடம் ஒப்படைப்பவரே விமானி என்னும் எண்ணம் மக்களிடையே பரவியிருப்பதில் வியப்பில்லை. வானூர்தித் துறைக்குள்ளேயே இதற்கு நெருக்கமான கருத்தொன்று வலுவாக இருக்கிறது. எந்த விளக்கு எரிந்தால் எதைச் செய்ய வேண்டும் என்பது விமானிக்குத் தெரிந்தால் போதும். எந்திரம் உள்ளே எவ்வாறு இயங்குகிறது என்பது பொறியாளரின் கவலை என்பதே அக்கருத்து. அதில் பாதி உண்மை உண்டு. மறுபாதியை ஏற்பது உயிர்களைப் பணயம் வைப்பதாகும்.

உண்மையான பாதியை முதலில் நோக்கலாம். 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்திலுள்ள ரைட் ஃபீல்டு வான்தளத்தில், போயிங் நிறுவனத்தின் புதிய நான்கு எந்திரக் குண்டுவீச்சு வானூர்தி சோதனைக்காக மேலெழுந்தது. ஓட்டியவர் படையின் தேர்ந்த சோதனை விமானி. எழுந்த சிறிது நேரத்திலேயே அது முகத்தை மிகவும் தூக்கி, நிலைகுலைந்து, விழுந்து எரிந்தது. இருவர் உயிரிழந்தனர். எந்திரத்தில் பழுது ஏதும் இல்லை. தரையில் நிற்கும்போது வால்தளங்கள் காற்றில் ஆடாதிருக்கப் போடப்படும் பூட்டு விடுவிக்கப்படவில்லை, அவ்வளவே. வானூர்தி மனித நினைவாற்றலைவிடப் பெரிதாகிவிட்டதை அவ்விபத்து காட்டியது. விமானிகளுக்கான சரிபார்ப்புப் பட்டியல் நிலைபெற்றது அதன் பின்னரே. திறமை மிக்கவரும் மறப்பார் என்பதை ஒப்புக்கொண்ட அந்தப் பட்டியல், பின்னாளில் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. எனவே பட்டியலை இகழ்ந்து, அனுபவம் ஒன்றே போதும் என்பாரின் கூற்று ஏற்கத்தக்கதன்று.

ஆயினும் பட்டியலை எழுதியவர் ஒரு சூழலை மனத்தில் வைத்தே எழுதுகிறார். வானம் அந்தச் சூழலோடு நின்றுவிடுவதில்லை.

ஜெட் வானூர்தியின் அமைப்பைச் சற்று விளங்கிக்கொண்டால் இதன் பொருள் தெளிவாகும். எந்திரம் உந்துவிசையை மட்டும் தருவதாகப் பயணி நினைக்கிறார். உண்மையில் வானூர்திக்குத் தேவையான ஏறத்தாழ அனைத்தும் அதிலிருந்தே பிறக்கின்றன. அதன் சுழற்சியால் மின்னாக்கி இயங்குகிறது. ஹைட்ராலிக் எனப்படும் நீர்ம அழுத்த அமைப்பின் பம்பு இயங்குகிறது. பெரும்பாலான வகைகளில், அதிலிருந்து பிரித்தெடுக்கப்படும் அழுத்தக் காற்றே பயணிகள் மூச்சுவிடும் காற்றாகவும், இறக்கை விளிம்பில் பனி உறையாமல் காக்கும் வெப்பமாகவும் பயன்படுகிறது. ஆகவே ஓர் எந்திரம் நின்றால் ஒன்று மட்டும் நிற்பதில்லை. மின்சாரத்தின் ஒரு பகுதி, அழுத்தத்தின் ஒரு பகுதி, காற்றின் ஒரு பகுதி எனத் தொடர்ச்சியாகப் பலவும் குறைகின்றன. எது எதோடு கட்டுண்டிருக்கிறது என்னும் இந்த உறவுகளின் வரைபடம் விமானியின் மனத்தில் இருக்க வேண்டும். முற்காலத்துப் பெரிய ஜெட் வானூர்திகளில் இவ்வமைப்புகளைக் கவனிப்பதற்கென்றே பறத்தல் பொறியாளர் என்னும் மூன்றாமவர் விமானி அறையில் அமர்ந்திருந்தார். 1980களில் வந்த புதிய வகைகளில் அவருடைய இருக்கை நீக்கப்பட்டது. அவருடைய வேலையைக் கணினி ஏற்றது. அவருடைய அறிவை ஏற்றவர் யார் என்னும் கேள்வி அத்துணை எளிதில் தீரவில்லை.

2009 சனவரி 15 அன்று நியூயார்க்கின் லாகார்டியா நிலையத்திலிருந்து 155 பேருடன் புறப்பட்ட ஏர்பஸ் ஏ320 வானூர்தி, மூவாயிரம் அடியைக்கூட எட்டாத நிலையில் கனடா வாத்துக் கூட்டத்தில் மோதியது. இரு எந்திரங்களும் உந்துவிசையை இழந்தன. தலைமை விமானி செஸ்லி சல்லன்பர்கர் கட்டுப்பாட்டைத் தம் கையில் எடுத்தார். துணை விமானி ஜெஃப்ரி ஸ்கைல்ஸ் பட்டியலைத் திறந்தார். இரு எந்திரங்களும் செயலிழந்தால் செய்ய வேண்டியவை அதில் மூன்று பக்கங்களுக்கு இருந்தன. ஆனால் இருபதாயிரம் அடிக்கு மேலே, போதிய நேரத்தோடு நிகழும் பழுதை எண்ணியே அது எழுதப்பட்டிருந்தது. அவர்களுக்கு இருந்ததோ மூன்றரை நிமிடம். பட்டியலின் முதற்பகுதிக்கு மேல் செல்ல நேரம் வாய்க்கவில்லை.

வாலில் உள்ள சிறிய துணை எந்திரத்தை இயக்குவது அப்பட்டியலில் வெகுதூரம் தள்ளி இடம்பெற்றிருந்தது. சல்லன்பர்கர் அதைத் தொடக்கத்திலேயே இயக்கினார். துணை எந்திரம் உந்துவிசை தராது, மின்சாரம் தரும். ஏ320 வகையில் விமானியின் கை அசைவு கம்பிவழி மின்குறிப்பாகக் கணினிக்குச் சென்று, அங்கிருந்தே இறக்கைத் தளங்களை அடைகிறது. மின்சாரம் தடையின்றி இருந்தால்தான், வேகம் குறைந்து வானூர்தி நிலைகுலையாமல் காக்கும் கணினியின் பாதுகாப்பும் முழுமையாக இருக்கும். ஹட்சன் ஆற்றுநீரில் இறங்கும் இறுதி நொடிகளில் அந்தப் பாதுகாப்பு துணைநின்றது. 155 பேரும் உயிர் பிழைத்தனர். இதனைத் துணிவின் கதையாகவே உலகம் கொண்டாடியது. துணிவு இருந்தது உண்மையே. ஆயினும் வரிசையில் பின்னால் இருந்த ஒன்றை முன்னால் கொண்டுவரச் செய்தது, எந்திரம் நின்றால் மின்சாரத்துக்கு என்ன நேரும் என்னும் அறிவே. அதே வேளையில் அவர் பட்டியலைத் தூக்கி எறியவில்லை; அருகிலிருந்தவர் அதை வாசித்துக்கொண்டுதான் இருந்தார்.

அறிவு எப்போதும் காக்கும் என்றும் கூறிவிட முடியாது. 1989 சனவரி 8 அன்று இலண்டனிலிருந்து பெல்ஃபாஸ்டுக்குச் சென்ற போயிங் 737-400 வானூர்தியின் இடப்பக்க எந்திரத்தில் விசிறியின் இதழொன்று முறிந்தது. கடும் அதிர்வு எழுந்தது. புகை நாற்றம் பரவியது. புகை பயணியர் பகுதியிலிருந்து வருவதாகத் தலைமை விமானி கருதினார். வானூர்தியின் காற்றுப் பதன அமைப்பைப் பற்றித் தாம் அறிந்திருந்ததைக் கொண்டு, பழுது வலப்பக்க எந்திரத்தில்தான் என ஐயுற்றார். அவர் முன்னர் ஓட்டிய வானூர்திகளுக்கு அந்தத் தருக்கம் ஓரளவு பொருந்தியிருக்கும். இப்புதிய வகையிலோ பயணியர் பகுதிக்கு இடப்பக்க எந்திரத்திலிருந்தும் காற்று சென்றது. வலப்பக்க எந்திரத்தின் விசை குறைக்கப்பட்டபோது தற்செயலாக அதிர்வும் தணிந்தது; தவறான முடிவு சரியெனத் தோன்றியது. நல்ல எந்திரம் நிறுத்தப்பட்டது. கெக்வொர்த் என்னும் ஊரருகே தரையிறங்க முயன்றபோது பழுதுற்ற எந்திரமும் கைவிட, வானூர்தி நெடுஞ்சாலைக் கரையில் மோதி 47 பேர் மாண்டனர். இடப்பக்கத்தில் தீப்பொறி பறந்ததைப் பயணிகள் சிலர் கண்டிருந்தனர். வலப்பக்க எந்திரத்தில் பழுது என்று விமானி அறிவித்ததைக் கேட்டும், அறையில் இருப்பவர்க்குத் தெரியாததா என்று எண்ணியோ என்னவோ, அவர்கள் வாளாவிருந்தனர்.

இவ்விபத்தைச் சான்றாகக் காட்டி, விமானியை ஆராயவிடக் கூடாது என வாதிடுவோர் உண்டு. அது பொருந்தாத வாதம். அவ்விமானிகள் பழைய வகையிலிருந்து புதிய வகைக்குச் சுருக்கமான பயிற்சியோடு மாறியவர்கள். புதிய வகைக்கான சிமுலேட்டர் அப்போது பிரிட்டனில் இல்லை. புதிய அறிவு தரப்படாத இடத்தைப் பழைய அறிவு நிரப்பியது. மனித மனம் காரணம் தேடாமல் இருப்பதில்லை. சரியான விளக்கம் கிடைக்காவிடில் கிடைத்த விளக்கத்தைப் பற்றிக்கொள்ளும்.

அடுத்து நேர்ந்தது இதனினும் கொடியது. இங்கே அறிவு சுருக்கப்படவில்லை; மறைக்கப்பட்டது. போயிங் 737 மேக்ஸ் வகையில் பெரிய எந்திரங்கள் பொருத்தப்பட்டதால், சில நிலைகளில் முகப்பு மேலெழும் இயல்பு மிகுந்தது. அதனைச் சமன் செய்ய, வால்தளத்தைத் தானாகவே நகர்த்தி முகப்பைக் கீழே தள்ளும் மென்பொருள் ஒன்று சேர்க்கப்பட்டது. எம்கேஸ் என்பது அதன் பெயர். இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணத்தை அளக்கும் ஒரே ஓர் உணரியை நம்பியே அது இயங்கியது. விமானிகளின் கையேட்டில் அதன் விளக்கம் இடம்பெறவில்லை. முந்தைய 737 வகையை ஓட்டியவர்கள் சிமுலேட்டர் பயிற்சியின்றியே இதற்கு மாறலாம் என்பது புதிய வானூர்தியின் விற்பனைச் சிறப்புகளுள் ஒன்றாக இருந்தது. சிமுலேட்டர் பயிற்சி செலவு மிக்கது; அதைத் தவிர்ப்பதில் உற்பத்தியாளருக்கும் வானூர்தி நிறுவனங்களுக்கும் ஆதாயம் இருந்தது.

தயாரிப்பாளரிடம் ஒரு மறுமொழி இருந்தது. வால்தளம் தானாக ஓடத் தொடங்கினால் அதன் மின்விசையைத் துண்டிக்கும் செயல்முறை நெடுங்காலமாகவே உள்ளது. காரணம் எதுவாயினும் அதைச் செய்தால் போதும் என்பதே அது. தாளில் இதில் குறையில்லை. ஆனால் விமானிகள் பயின்ற பழுதில் வால்தளம் நிற்காமல் ஓடும். எம்கேஸோ சில நொடிகள் தள்ளும். விமானி திருத்தினால் நிற்கும். ஐந்து நொடி கழித்து மீண்டும் தள்ளும். அதே வேளையில், தவறிய உணரியால் கட்டுப்பாட்டுத் தண்டு நடுங்கும். வேகமானியும் உயரமானியும் முரண்படும். எச்சரிக்கைகள் பல ஒருங்கே எழும். இவை யாவும் ஒரே வேரின் கிளைகள் என்பதை, அந்த வேர் இருப்பதையே அறியாதவர் எவ்வாறு உணர்வர்?

2018 அக்டோபர் 28 அன்று பாலியிலிருந்து ஜகார்த்தா சென்ற லயன் ஏர் வானூர்தியில் இதே குறை தோன்றியது. அன்று விமானி அறையில் கூடுதலாக மூன்றாம் விமானி ஒருவரும் அமர்ந்திருந்தார். அவர்கள் போராடி, மின்விசையைத் துண்டித்து, கையால் சக்கரத்தைச் சுழற்றி ஊர் சேர்ந்தனர். இங்கே செயல்முறை காத்தது என்று கூறலாம். ஆனால் நேர்ந்தது என்னவென்று அவர்களுக்கே விளங்கவில்லை. விளங்காததை எழுதுவது எங்ஙனம்? பராமரிப்புப் பதிவேட்டில் வேகம், உயரம் ஆகியவற்றின் முரண்பாடு குறிக்கப்பட்டது. தண்டு நடுங்கியதும் மின்விசையைத் துண்டித்ததும் குறிக்கப்படவில்லை. மறுநாட் காலையில் அதே வானூர்தியை எடுத்துச் சென்றவர்களுக்கு அந்த ஒரு வரி கிடைக்கவில்லை. 189 பேருடன் அது ஜாவாக் கடலில் வீழ்ந்தது.

அதன் பின்னர் எச்சரிக்கை அறிக்கை வந்தது. 2019 மார்ச் 10 அன்று அடிஸ் அபாபாவிலிருந்து புறப்பட்ட எத்தியோப்பிய வானூர்தியின் விமானிகள், அறிக்கை கூறியவாறே மின்விசையைத் துண்டித்தனர். ஆனால் வேகம் மிகுந்திருந்ததால் வால்தளத்தின் மீது காற்றின் அழுத்தம் கடுமையாக இருந்தது. கைச்சக்கரம் அசைய மறுத்தது. வேறு வழியின்றி மின்விசையை மீண்டும் இணைத்தபோது எம்கேஸ் இறுதி முறையாகத் தள்ளியது. 157 பேர் உயிரிழந்தனர். வேகத்தைக் கட்டுக்குள் வைக்கவில்லை என விமானிகளைக் குறைகூறியோர் உண்டு. அக்குற்றச்சாட்டில் ஒரு பகுதி உண்மை இருக்கலாம். எனினும், எதற்காகச் செய்கிறோம் என்பதும் எந்த வரம்புக்குள் அது பலிக்கும் என்பதும் சொல்லித்தரப்படாத ஒரு படிமுறையை, நடுங்கும் தண்டோடும் ஓயாத ஒலிகளோடும் போராடியவர்கள் மீது முழுப்பழியையும் சுமத்துவது நேர்மையாகாது.

உலகெங்கும் அவ்வகை வானூர்திகள் தரையில் நிறுத்தப்பட்டன. ஏறத்தாழ இருபது மாதங்களுக்குப் பின், 2020 நவம்பரில் அமெரிக்க வான்போக்குவரத்து நிர்வாகம் அவை மீண்டும் பறக்க ஒப்புதல் அளித்தது. இப்போது அந்த மென்பொருள் இரண்டு உணரிகளையும் ஒப்பிட்ட பின்னரே இயங்கும். ஒரு நிகழ்வுக்கு ஒருமுறை மட்டுமே தள்ளும். விமானி தம் கைவலிமையால் அதனை வெல்ல முடியும். இவற்றோடு, மேக்ஸ் வகையை ஓட்டும் ஒவ்வொரு விமானியும் எம்கேஸ் இயங்குவதைச் சிமுலேட்டரில் நேரில் கண்டு பழக வேண்டும் என்பதும் கட்டாயமாக்கப்பட்டது.