வெப்பம் உண்ணும் மரம்

மரக்காணத்தில் கத்திரி வெயில் உப்புக்கு வரம்; உப்பு வாருவோர்க்கோ தண்டனை. பாத்தியினின்று கரையேறித் தகரக் கொட்டகையில் ஒதுங்கினால் அங்கும் அனலே.

இவ்வனலை உட்கொள்ளும் மரமொன்றை ஸ்வீடன் தேசத்தார் ஆக்கியுள்ளனர். ஸ்டாக்ஹோம் கே.டி.ஹெச். கழகத்து விஞ்ஞானிகள் 2019இல், மரத்தினின்று ஒளியை மறைக்கும் லிக்னினை நீக்கி, அக்ரிலிக்கும் பாலிஎதிலீன் கிளைக்காலும் ஊட்டினர். கிளைக்கால் வெயிலில் உருகி வெப்பத்தை உட்கொள்ளும். குளிர்ந்தால் உறைந்து அதனை வெளிவிடும். மங்கலான பலகை, உருகுங்கால் தெளிவும் பெறும். 100 கிராம் பலகை 8,000 ஜூல் வரை ஏற்கும்.

உடனே கப்பலில் வரவழைப்போம் என்பார்க்கு ஒரு வார்த்தை. அச்சரக்கு உருகுவது சுமார் 27 டிகிரியில். கோடையில் நம் கடற்கரையில் பல இரவுகள் அதற்குக் கீழே இறங்குவதேயில்லை. பகலில் உருகியது இரவில் உறையாவிடில், மறுநாள் வெப்பத்தை எங்ஙனம் ஏற்கும்? அயலான் அளவுக்குத் தைத்த சட்டை நமக்குப் பொருந்துமா?

பரிகாரம் உண்டு. கிளைக்காலின் மூலக்கூறு நீண்டால் உருகும் நிலையும் உயரும். கோயமுத்தூரில் வன மரபியல் ஆராய்ச்சி நிலையமும், பெங்களூரில் மர விஞ்ஞான நிலையமும் உள்ளன. நம் கரையோரச் சவுக்கு இதற்கு உதவுமா என்று அவை சோதிக்கட்டும். நம் சீதோஷ்ணத்துக்கேற்ற பலகையை நம்மவரே ஆக்கட்டும்.

முதற்பலகை மாளிகைச் சன்னலுக்கன்று, உப்பளக் கொட்டகைக்கே உரியது. 1930இல் வேதாரண்யத்தில் உப்பள்ளி உரிமை கேட்ட தமிழ்நாடு, உப்பு வாருவோரின் நிழலை மறக்கலாகாது.