தலையாட்டி முக்காலி

நண்பர் வீட்டுக் கல்யாண வீடியோ. குடும்பமே உட்கார்ந்து பார்த்தோம். காமிரா ஒன்றரை லட்ச ரூபாயாம். 4கே-யாம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார். கெட்டிமேளம். அந்த நேரம் பார்த்து காமிரா மெதுவாகத் தலையைக் குனிகிறது. மாலை, மடி, ஹோமப் புகை, கடைசியில் ஒரு பித்தளைச் செம்பு. நிமிர்த்துவதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது.

பெண்ணின் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்.

வீடியோக்காரரைப் பிடித்து விசாரித்தேன். "ஸ்டாண்டு சரியில்லீங்க சார். காமிரா வாங்குறப்ப கடையில சும்மா குடுத்தாங்க" என்றார். ஒன்றரை லட்சத்தைத் தூக்கி, சும்மா கிடைத்ததன் தலையில் வைத்திருக்கிறார். இதற்குப் பெயர் சிக்கனமா?

நான் பி.காம். படித்தவன். தேய்மானக் கணக்கு தவிர அதில் எதுவும் நினைவில்லை. அதை வைத்தே கேட்கிறேன். வீ.எச்.எஸ். போனது. 1995-ல் மினி டிவி வந்தது, அதுவும் போனது. ஹெச்.டி. வந்தது, 4கே வந்தது. ஒவ்வொரு முறையும் காமிரா காயலான் கடைக்குப் போனது. ஆனால், மினி டிவி காலத்தில் வாங்கிய நல்ல ட்ரைபாட் இன்றைக்கும் புதுக் காமிராவைத் தாங்கும். இருபது வருடம் உழைக்கிற சாமானுக்குக் கஞ்சத்தனம், நான்கு வருடத்தில் பழசாகிற சாமானுக்குக் கடன். எந்த ஊர் கணக்கு இது?

ட்ரைபாட் என்றால் மூன்று கால் மட்டுமல்ல. வீடியோவுக்கு உயிர் அதன் தலையில் இருக்கிறது. சாட்வெல் ஓ'கானர் என்ற அமெரிக்க எஞ்சினியருக்கு நீராவி ரயிலைப் படம் பிடிக்கிற பித்து. ஓடுகிற ரயிலோடு காமிராவைத் திருப்பினால் படம் வெட்டி வெட்டி வந்தது. 1940-களின் கடைசியில், கெட்டியான திரவத்தின் இழுவையில் வழுக்கித் திரும்புகிற தலை ஒன்றைத் தானே செய்துகொண்டார். அதைப் பார்த்த வால்ட் டிஸ்னி, எனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கினார். அதுதான் ஃப்ளூயிட் ஹெட். உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் உண்டு. காமிரா முன்னால் சாயச் சாய, அது பின்னால் தள்ளும். கையை எடுத்தாலும் விட்ட இடத்தில் நிற்கும். நம் கல்யாணத்தில் இல்லாமல் போனது அந்த ஸ்பிரிங்தான்.

"அதான் கிம்பல் இருக்கே சார்" என்பீர்கள். இருக்கிறது. நடந்துகொண்டே எடுக்க அருமையான சாமான். இரண்டு மணி நேரச் சடங்கு முழுக்க அதைக் கையில் பிடித்து நில்லுங்கள் பார்ப்போம். "ஆட்டத்தை கம்ப்யூட்டரில் சரி பண்ணிடலாம்" என்பது அடுத்த சமாதானம். கம்ப்யூட்டர் ஓரத்தை வெட்டித்தான் ஆட்டத்தை மறைக்கும். செம்புக்குப் போன காமிராவைத் தாலிக்குத் திருப்ப அதற்குத் தெரியாது.

சரி, எப்படி வாங்குவது? வெறும் காமிராவை எடை போடாதீர்கள். லென்ஸ், மைக், மானிட்டர், பேட்டரி எல்லாம் மாட்டிப் போடுங்கள். அந்த எடை தலையின் ஸ்பிரிங் அளவுக்குள் வரவேண்டும். 'பெரிசா வாங்கிட்டா நல்லது' என்பதும் தப்பு. ஸ்பிரிங் மிஞ்சினால் லேசான காமிரா மேலே துள்ளும்.

கடையிலேயே சோதியுங்கள். காலை முழுக்க நீட்டி, உச்சியைப் பிடித்து முறுக்குங்கள். நெளிந்தால் வேண்டாம். காமிராவை மாட்டி, மெதுவாகத் திருப்பி நிறுத்தி, கையை எடுங்கள். படம் கொஞ்சம் பின்னால் துள்ளினால் வேண்டாம். குனிய வைத்து விடுங்கள். நின்றால் பில் போடச் சொல்லுங்கள். தலை உட்காரும் இடம் கிண்ணம் மாதிரி இருந்தால் விசேஷம். மேடு பள்ளத்தில் கால்களோடு மல்லுக்கட்டாமல், தலையை மட்டும் சாய்த்து மட்டம் பிடிக்கலாம். நடுத்தண்டை உயர்த்துவதைக் கடைசி வழியாக வையுங்கள். மூன்று காலின் உறுதியை ஒற்றைக் குச்சியிடம் கொடுப்பது அது.

கையில் காசு இல்லையா? வாடகைக்கு எடுங்கள். பழசு வாங்குங்கள். காமிராவில் ஒரு படி இறங்குங்கள். ட்ரைபாடில் இறங்காதீர்கள்.

சினிமாவில் ஷாட் சொதப்பினால் இன்னொரு டேக் போகலாம். தாலிக்கு ஏது இரண்டாவது டேக்? அந்த அப்பாவிடம் போய், "படம் 4கே சார்" என்று சொல்லிப் பாருங்கள்.

தஞ்சாவூர் பொம்மை தலையாட்டினால் அழகு. ட்ரைபாட் ஆட்டினால் அழுகை.