துணிக்கூடங்களும் தொழிலாளர் உயிரும்

கட்டடம் என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் மனக்கண்முன் தோன்றுவன கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புமே. நெடுங்காலம் நிலைத்து நிற்றலே கட்டடத்தின் இலக்கணம் என்று நாம் கொண்டுவிட்டோம். ஆயினும், சில ஆண்டுகளில் நடந்து முடியப்போகும் ஒரு தொழிலுக்கு நூறாண்டு நிற்கும் மாளிகை எதற்கு? எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கப்படும் தொலைநிலங்களில் இக்கேள்வி அடிக்கடி எழுகின்றது. அதற்கு விடையாக அங்கே எழுப்பப்பட்டு வருவன துணிக்கூடங்கள். அவற்றின் தகுதி யாது, அத்தகுதிக்கு எல்லை யாது என்பன குறித்து என் கருத்தை நம் கல்லூரி நண்பர்முன் வைக்க விரும்புகின்றேன்.

துணிக்கூடம் என்பது திருவிழாவில் காணும் கூடாரம் அன்று. அலுமினியத்தாலோ எஃகாலோ ஆன வளைவுகளை வரிசையாக நிறுத்துவர். ஓரத்தில் கயிறு வைத்துத் தைத்த துணியை அவ்வளைவுகளின் நெடுக அமைந்த பள்ளங்களில் செலுத்தி, இறுக இழுத்துப் பூட்டுவர். அத்துணி பாலியெஸ்டர் நூலால் நெய்து இருபுறமும் பி.வி.சி. பூசப்பெற்றது, ஒரு சதுர மீட்டரின் நிறை ஏறக்குறைய 1 கிலோகிராமே. இத்துணை மெல்லிய பொருளுக்கு வலிமை எங்கிருந்து வருகின்றது? தளர்ந்த கயிற்றுக் கட்டில் படுத்தவரைக் குழியில் ஆழ்த்தும். முறுக்கிக் கட்டியதோ அவரை நிமிர்த்தித் தாங்கும். அதுபோலவே தளர்ந்த துணி காற்றில் படபடத்துக் கிழியும். இறுகிய துணி காற்றின் விசையை வளைவுகளுக்கும், வளைவுகள் வழியாக நிலத்துக்கும் கடத்திவிடும்.

இக்கலைக்கும் எண்ணெய்த் தொழிலுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. விளாதிமிர் ஷூகவ் என்னும் ருஷ்யப் பொறியியல் அறிஞர் 1878-ஆம் ஆண்டில் பாக்கு நகரத்து எண்ணெய் வயலில் ருஷ்ய நாட்டின் முதல் எண்ணெய்க் குழாய்வழியை அமைத்தார். அவரே 1896-ஆம் ஆண்டில் நீழ்னி நோவ்கோரத் பொருட்காட்சியில், இழுவிசையாலேயே நிற்கும் எஃகு வலைக் கூரைகளை எழுப்பிக் காட்டினார். பின்னர் ஜெர்மனி தேசத்துப் பிரை ஓட்டோ, 1967-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் கண்காட்சியிலும் 1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் அரங்கத்திலும் பணியாற்றி, இவ்வகைக் கூரைகளை உலகறியச் செய்தார். அவ்வழியில் வளர்ந்த அறிவே இன்று தொலைநிலங்களில் தொழிற்பட்டு வருகின்றது.

அத்தகைய தொலைநிலம் ஒன்றைக் கருதுவோம். அமெரிக்காவைச் சார்ந்த அலாஸ்காவின் வடகரையில் பிரூடோ பே என்னும் இடத்தில் 1968-ஆம் ஆண்டில் பேரளவான எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. தெற்கிலிருந்து அதனை நோக்கிச் செல்லும் டால்ட்டன் நெடுஞ்சாலை 414 மைல் நீளமுடையது. வழியில் ஊர் என்று சொல்லத்தக்கவை மிகச் சில. மாரிக்காலத்தில் ஏறக்குறைய எட்டு வாரம் ஞாயிறு அடிவானத்துக்கு மேல் எழுவதில்லை. நிலமோ பல நூறு அடி ஆழத்துக்கு என்றும் உறைந்து கிடப்பது. அதன்மேல் கட்டடம் ஒன்றை நேரே அமர்த்தி உள்ளே தீ மூட்டினால், அடிநிலம் உருகிக் கட்டடம் ஒருபுறம் சாயும். காங்கிரீட்டு அக்குளிரில் இறுகுவதற்குமுன் உறைந்து கெடும். ஆதலின் கனமான கட்டடம் எழுப்புவது அங்கே பெரும்பாடு.

அங்ஙனமாயினும் கூரையின்றித் தொழில் செய்ய இயலுமோ? அக்குளிரில் இயந்திரத்தின் எண்ணெய் குழம்பாகின்றது. எஃகு எளிதில் முறிகின்றது. குழாய்களைப் பற்றவைப்பவன் கைகள் மரத்துப்போகின்றன. பழுதுற்ற ஊர்தியைச் செப்பனிடவும் மருந்துப் பொருள்களைப் பனி படாமல் காக்கவும் மூடிய இடம் இன்றியமையாதது. இங்கேதான் துணிக்கூடம் மூன்று வகையில் சிறக்கின்றது. முதலாவது, மடித்துச் சில பாரவண்டிகளில் ஏற்றிவிடலாம். இரண்டாவது, பாகங்கள் யாவும் தொழிற்சாலையிலேயே அளவாகச் செய்யப்பெறுதலின், கடுங்குளிரில் ஆட்கள் வெளியே நின்று உழைக்கவேண்டிய நாட்கள் குறைகின்றன. மூன்றாவது, தொழில் முடிந்தபின் அவிழ்த்து எடுத்துச் செல்லலாம். வண்டித் தடம் ஒன்று பதிந்தாலும் பல்லாண்டு ஆறாத புண்ணாக நிற்கும் அந்நிலத்துக்கு இம்மூன்றாவது நன்மையே தலையாயது என்பேன். விருந்தாகச் சென்றவன் விருந்தாகவே திரும்புதல் அழகன்றோ?

இதற்கு மறுப்புரைப்போரும் உளர். ஒற்றைத் துணி குளிரைத் தடுக்காது, எரிபொருள் விரயமாகும் என்பர். அது மெய்யே, இரட்டைத் துணியும் இடையே வெப்பந்தடுக்கும் மெத்தையும் அமைத்து அக்குறையைப் பெரும்பாலும் நீக்கலாம். தீப்பொறி பட்டால் ஓட்டை விழும் என்பர். அதுவும் மெய்யே, எளிதில் தீப்பற்றாத துணியைத் தேர்வதோடு, பற்றவைக்கும் இடத்தைத் தனியே மறைத்தலும் வேண்டும். இவை திருத்தத்தக்க குறைகள். யான் அஞ்சுவது துணியை அன்று. ‘தற்காலிகம்’ என்னும் சொல்லை.

2009-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள், டெக்ஸஸ் மாகாணத்து இர்விங் நகரில் எஃகுச் சட்டத்தின்மேல் துணி போர்த்திய விளையாட்டுப் பயிற்சிக்கூடம் ஒன்று புயற்காற்றில் சரிந்தது. பன்னிருவர் காயமுற்றனர், அவருள் ஒருவர் இடுப்பின்கீழ்ச் செயலிழந்தார். அமெரிக்க அரசாங்கத்தின் அளவை ஆராய்ச்சி நிலையத்தார் ஆய்ந்து கண்டது யாது? அன்று வீசிய காற்று மணிக்கு 55 முதல் 65 மைல் வரை. அவ்விடத்துக் கட்டடங்கள் தாங்கவேண்டுமென விதித்திருந்ததோ 90 மைல். உட்புறம் புகும் காற்றின் அழுத்தத்தைக் கணக்கிற் சேர்க்கவில்லை. சட்டங்கள் பக்கவாட்டில் வளையாதவாறு துணியே தாங்கும் என்றும் நம்பிவிட்டனர். பிழைத்தது துணி அன்று, கணக்கு. கனத்த கட்டடத்தின் கவலை அது கீழே விழாதிருத்தல். துணிக்கூடத்தின் கவலையோ அது மேலே பறவாதிருத்தலுமாம்.

மற்றொன்று இதனினும் துயரமானது. அதே மாகாணத்து டெக்ஸஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 2005-ஆம் ஆண்டு மார்ச்சு 23-ஆம் நாள் பெரும் வெடிப்பு நிகழ்ந்தது. பதினைவர் மாண்டனர், ஏறக்குறைய 180 பேர் காயமுற்றனர். மாண்டவர் வெடித்த பகுதியை இயக்கியவர் அல்லர். வேறு பணிக்காக வந்து, இடம்பெயர்த்து வைக்கத்தக்க இலேசான மனைகளிலும் அவற்றின் அருகிலும் இருந்த ஒப்பந்தத் தொழிலாளர். அம்மனைகள் துணியால் ஆனவை அல்ல; எனினும் பிழை ஒன்றே. எளிதில் நகர்த்தலாம் என்பதனாலேயே அவற்றை ஆபத்தின் பக்கத்தில் நிறுத்தியிருந்தனர். இதன் பின்னரே அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தார் 2007-ஆம் ஆண்டில் அத்தகைய மனைகளுக்கும், 2014-ஆம் ஆண்டில் ஆலைகளில் நிறுத்தும் கூடாரங்களுக்கும் தனித்தனி நெறிநூல்கள் வெளியிட்டனர். உயிர்கள் போனபின் வந்த அறிவு அது.

ஆகவே என் கருத்து இதுவே. தொலைநிலத் தொழிலுக்குத் துணிக்கூடமே பொருத்தமானது, அதனை வரவேற்கவேண்டும். ஆனால் அதனை எழுப்புவோர் மூன்று கடமைகளை ஏற்றல் வேண்டும். காற்றையும் பனிப்பாரத்தையும், அவ்விடத்தில் என்றும் நிற்கப்போகும் கட்டடத்துக்குக் கணக்கிடுவது போலவே கணக்கிடல் வேண்டும். இரண்டாண்டுக் கட்டடம் என்று புயல் இரங்குவதில்லை. வெடிக்கத்தக்க பொருளுக்கும் மனிதர் கூடும் கூடத்துக்கும் இடையே உள்ள தொலைவை, நிலத்தின் வசதி நோக்கியன்றி வெடிப்பின் ஆற்றல் நோக்கி வகுத்தல் வேண்டும். துணியின் இறுக்கத்தையும் நங்கூரங்களையும் குறித்த காலந்தோறும் சோதித்து, ஆயுள் முடிந்த துணியை மாற்றியும், தொழில் முடிந்த கூடத்தை அகற்றியும் விடல் வேண்டும். பத்தாண்டு தங்கிவிட்ட ‘தற்காலிகம்’ பலவற்றை உலகம் கண்டிருக்கின்றது.

நம் மாணவருள் சிலர் நாளைப் பொறியியல் அறிஞராகித் தொலைநாடுகளில் இத்தகைய கூடங்களுக்குக் கையொப்பம் இடக்கூடும். அப்பொழுது இவ்வொன்றை நினைவில் வைப்பாராக: கூடம் இரண்டாண்டுக்கு உரியதாயிருக்கலாம், அதனுள் நின்று உழைப்பவன் உயிருக்கு அத்தகைய தவணை இல்லை.