ஆடிக்காத்தை நம்பி ஆடுற டீம்

சென்னையின் எஃப்சி ஐஎஸ்எல் கோப்பை ஜெயிச்ச ரெண்டு ஃபைனலும் நடந்தது எதிராளி வீட்டு முற்றத்துல. 2015 டிசம்பர் 20, ஃபதோர்டா மைதானத்தில் எஃப்சி கோவாவை 3-2. 2018 மார்ச் 17, கண்டீரவாவில் பெங்களூரு எஃப்சியை அதே 3-2. இதுல 2015 கதை இன்னும் ஒரு படி மேலே. வெள்ளத்துல சென்னையே மிதந்ததால, கொல்கத்தாவோட ஆடவேண்டிய அரையிறுதி 'ஹோம்' ஆட்டத்தைப் புனேக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அங்கே போய் 3-0ன்னு ஜெயிச்சாங்க.

இதை இப்போ ஏன் கிளர்றேன்னா, எங்க ஊர்ப் பசங்க டீம் விஷயமா ஒரு பஞ்சாயத்து ஓடிக்கிட்டிருக்கு. சொந்த மைதானத்துக்குத் தகுந்த மாதிரி டீமைக் கட்டணுமா, வேண்டாமா?

போடிநாயக்கனூர் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். மேற்கே நிமிர்ந்தா மலை. 17 கொண்டை ஊசி வளைவு ஏறினா போடிமெட்டு, அதுக்கு அந்தாண்ட கேரளா, ஏலக்காய்க் காடு. காலையில ஜனங்க ஜீப்புல தோட்ட வேலைக்கு ஏறும், சாயங்காலம் இறங்கும். ஆனி, ஆடியில அவங்களோட சேர்ந்து காத்தும் இறங்கும். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துட்டு, நமக்கு வெறும் காத்தை மட்டும் அனுப்பி வைக்கும். (மழை அவங்களுக்கு, மண்ணு நம்ம கண்ணுக்கு!)

நாங்க ஆடி வளர்ந்த கிரவுண்டு செம்மண். போதாக்குறைக்கு மேற்கிலிருந்து கிழக்கே லேசான சரிவு வேற. ஆடி மாசம் மேற்குக் கோல்ல இருந்து கீப்பர் உதைச்சா பந்து எதிர் பெனால்டி பாக்ஸ்ல போய்த்தான் விழும். கிழக்கே இருந்து உதைச்சா மேலே போய், கொஞ்சம் யோசிச்சு, திரும்பி நம்மகிட்டயே வரும். அதனால எங்க டீமுக்குன்னு ஒரு வியூகம் தானாவே அமைஞ்சது. டாஸ் ஜெயிச்சா மேற்குக் கோல். முதல் பாதியில ஓங்கி உதை, பின்னாடியே ஓடு, ரெண்டு கோல் போடு. ரெண்டாம் பாதியில பத்து பேரும் பாக்ஸுக்குள்ள நில்லு. அவ்வளவுதான். மதுரையில இருந்து அழகா பாஸ் பண்ணி ஆடுற டீம் வந்தாக்கூட கண்ணுல மண்ணோட திணறிட்டுத்தான் போகும்.

உள்ளூர்ல புலி, சரி. வெளியூர்ல? காத்தில்லாத மைதானத்துல நாங்க ஓங்கி உதைச்ச பந்து எதிர் டிஃபெண்டர் தலையில பவ்யமா போய் உட்காரும். சேர்ந்தாப்ல மூணு பாஸ் போட எங்களுக்கு ஆள் கிடையாது. பொட்டி தட்டுற தொழில்ல இந்த வியாதிக்கு ஒரு பிரபலமான வசனம் உண்டு: "என் மெஷின்ல ஓடுதே!" கஸ்டமர் மெஷின்ல ஓடணுமேய்யா.

"காத்து நமக்கு ஆண்டவன் குடுத்தது மாப்ள, அதை ஏன் விடணும்? பொலிவியாவைப் பாரு"ன்னான் இப்போ பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற நண்பன்.

சரி, பொலிவியாவையே பார்ப்போம். லா பாஸ் நகரத்து எர்னாண்டோ சீலெஸ் மைதானம் கிட்டத்தட்ட 3,600 மீட்டர் உயரத்துல இருக்கு. கீழே இருந்து போறவங்களுக்கு மூச்சு வாங்கும், காத்து அடர்த்தி குறைவுங்கிறதால பந்தும் வேகமாப் பறக்கும். 2009 ஏப்ரல் 1 அன்னிக்கு மெஸ்ஸி ஆடிய அர்ஜென்டினாவை அங்கே 6-1ன்னு துவைச்சு காயப்போட்டாங்க. அர்ஜென்டினா கோச் யாரு? மரடோனா. 2007ல ஃபிஃபா, 2,500 மீட்டருக்கு மேலே சர்வதேச ஆட்டம் கூடாதுன்னு தடை போட்டப்போ, அதை எதிர்த்து 2008ல லா பாஸுக்கே போய் பந்து உதைச்சுக் காட்டின அதே மரடோனாதான் :-)

ஆனா நண்பன் சொல்லாம விட்ட பாதி ஒண்ணு இருக்கு. 1993க்கு அப்புறம் உலகக்கோப்பைத் தகுதிச்சுற்றுல பொலிவியா வெளிநாட்டு மண்ணுல ஜெயிச்ச அடுத்த ஆட்டம் எது தெரியுமா? 2024 செப்டம்பர்ல சிலியை 2-1. நடுவுல 31 வருஷம்! 1994 உலகக்கோப்பையில ஆடினவங்க, 2022 வரைக்கும் அடுத்து வந்த எதிலயும் இல்லை. அந்த சிலி ஆட்டம் நடந்த வருஷமே ஹோம் ஆட்டங்களை இன்னும் மேலே, 4,000 மீட்டரைத் தாண்டி எல் ஆல்ட்டோவுக்கு ஏத்தினாங்க. 2025 செப்டம்பர்ல அங்கே பிரேசிலையே 1-0ன்னு ஜெயிச்சாங்க. மறுக்கலை. ஆனா பாதி ஆட்டம் எப்பவும் கீழேதானே நடக்கும்?

ஃபுட்பாலை விட்டு ஒரு நிமிஷம் சேப்பாக்கத்துக்கு வாங்க. 2018 ஐபிஎல். சேப்பாக்கம் சுழலுக்குன்னே ஹர்பஜன், இம்ரான் தாஹிர், கரண் சர்மான்னு சிஎஸ்கே ஆள் சேர்த்து வச்சது. ஒரே ஆட்டம், காவிரிப் போராட்டம், ஜாகை புனேக்கு மாறிடுச்சு. (சென்னைக்காரங்களுக்குப் புனே மேல என்னவோ ராசி.) அங்கே ஆறு ஆட்டத்துல அஞ்சு ஜெயிச்சு, கோப்பையையும் தூக்கினாங்க. தூக்கினது சுழலா? வாட்சன் புனேயில 106, வான்கடே ஃபைனல்ல அவுட் ஆகாம 117. அப்புறம் 2025ல திரும்பவும் அஸ்வினை 9.75 கோடிக்கு வாங்கி, ஜடேஜா, நூர் அகமதுன்னு சேப்பாக்கத்துக்காகவே தைச்ச சட்டை மாதிரி ஒரு டீம். பிட்ச் நினைச்ச மாதிரி நடந்துக்கலை. 2008க்கு அப்புறம் முதல் தடவையா பெங்களூருகிட்ட சேப்பாக்கத்துலயே தோத்து, கடைசி இடத்துல முடிச்சாங்க. அந்த ஒரு காரணத்தாலதான்னு சொல்லமாட்டேன், ஆனா நம்பின மண்ணு கைவிட்டா கையில வேற சட்டை இல்லைங்கிறது நல்லாவே தெரிஞ்சது.

எதிர் உதாரணமா ஸ்டோக் சிட்டியைக் காட்டலாம். ரோரி டெலாப்போட நீள த்ரோ-இன்னுக்காகவே டோனி புலிஸ் மைதானத்தைக் குறுக்கி வச்சார், பிரீமியர் லீக்ல பத்து சீசன் தாக்குப் பிடிச்சாங்க. ஆனா டெலாப்போட தோள்பட்டை பஸ்ல ஏறி வெளியூருக்கும் வந்துச்சே. பெங்களூரு ஃபைனல்ல மெயில்சன் ரெண்டு கோல் போட்டதும் அதே ரகம்தான். ரெண்டுமே கார்னர்ல இருந்து வந்த பந்து, தலையால முட்டினார். அதுக்கு எந்த ஊர்ப் புல்லா இருந்தா என்ன?

அதனால நான் நண்பன்கிட்ட சொன்னது இதுதான். மைதானத்துல நமக்குச் சும்மா கிடைக்கிறதை வச்சு வியூகம் போடாதே. நம்மளைப் படுத்துறதை வச்சுப் பயிற்சி கொடு. எதிர்காத்துல பந்தைத் தூக்கி உதைக்க முடியாது, தரையோட தரையா சின்னச் சின்னப் பாஸ்தான் ஒரே வழி. செம்மண்ணுல பந்து கன்னாபின்னான்னு எகிறும், அதை முதல் தொடுதல்லயே அடக்கப் பழகினவனுக்கு நல்ல புல் தரையில பந்து சொன்னபடி கேட்கும். இதெல்லாம் பஸ் ஏறி வரும். காத்து வராது.

ஊர் டீமுக்குக் கோப்பை ஒண்ணு கூடினா என்ன, குறைஞ்சா என்னன்னு விட்டுடலாம். ஆனா ஜீப்புல தோட்டத்துக்குப் போற வீட்டுப் பசங்க அதுல நாலஞ்சு பேர் ஆடுறாங்க. மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தோட ஹாஸ்டல் செலக்‌ஷன்ல இடம் கிடைச்சா சாப்பாடு, தங்குறது, பயிற்சி எல்லாம் அரசு செலவு. தேர்வு பண்றவர் பந்தைக் கொடுத்து, அடக்கு, பாஸ் பண்ணுன்னுதான் சொல்வார். ஆடிக்காத்தை முதுகுல வாங்கி ஓங்கி உதைக்க மட்டுமே தெரிஞ்ச பதினாலு வயசுப் பையன் அங்கே என்னத்தைக் காட்டுவான்?

டோர்னமென்ட்ல டாஸ் ஜெயிச்சா மேற்குக் கோலையே எடுக்கட்டும், நானும் வேண்டாம்னு சொல்லலை. பிராக்டிஸ்ல மட்டும் எல்லாரையும் கிழக்கே நிறுத்தி மலையைப் பார்த்து ஆடவிடணும், முட்டிக்கு மேலே எழும்பின பந்து ஃபவுல்னு வச்சுக்கணும். ரெண்டு மாசம் பார்க்கலாம்னு அரை மனசா ஒத்துக்கிட்டான், மண்ணுக்குப் பயந்து கண்ணாடி மட்டும் வாங்கித் தரச் சொன்னான். பதினஞ்சு பசங்களுக்குக் கண்ணாடி என்ன விலையாகும்னு விசாரிச்சுக்கிட்டிருக்கேன்.