இழுப்பது இன்ஜின், நிறுத்துவது டயர்!

கனடாவில் குளிர்காலம் நெருங்கினால் கார் வாங்கப் போகிறவர்களின் காதில் அடிக்கடி விழும் வார்த்தை, ஆல் வீல் டிரைவ். "இந்த வண்டி இருந்தால் பனியைப் பற்றிக் கவலையே வேண்டாம்" என்பார்கள். இது பாதி உண்மைதான். மீதிப் பாதி, சிக்னலில் பிரேக்கை மிதிக்கும்போதுதான் தெரியும்.

முதலில் வண்டிகளின் கதை. முன்சக்கரங்கள் இழுக்கும் கார்களில் இன்ஜினின் எடை அந்தச் சக்கரங்களின் மேலேயே இருப்பதால் பனியில் ஓரளவு பிடி கிடைக்கும். பின்சக்கரங்கள் தள்ளும் வண்டிகளில் பின்பக்கம் லேசு. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அதிகமாக மிதித்தால் வால் பக்கவாட்டில் ஓடும். பிக்கப் டிரக்குகளின் பின்னால் சிலர் மணல் மூட்டை போட்டு வைப்பது இதனால்தான். ஆல் வீல் டிரைவில் நான்கு சக்கரங்களுக்கும் சக்தி போகும். பனியிலிருந்து கிளம்புவதிலும் மேடு ஏறுவதிலும் இது கில்லாடி.

ஆனால் நிற்பதற்கு? எல்லாக் கார்களுக்கும் நான்கு சக்கரங்களிலும் பிரேக் ஏற்கெனவே இருக்கிறது. அதில் ஆல் வீல் டிரைவ் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. பாசி பிடித்த கிணற்றடியில் தேய்ந்த செருப்போடு நடக்கும் பயில்வானை நினைத்துப் பாருங்கள். காலில் எவ்வளவு பலம் இருந்தால் என்ன, வழுக்குவது செருப்புதானே?

அந்தச் செருப்புதான் டயர். சாதாரண ஆல் சீசன் டயரின் ரப்பர், வெப்பநிலை சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் இறுகத் தொடங்கும். பனிக்கால டயரின் ரப்பர் கடுங்குளிரிலும் மென்மையாக இருக்கும். அதில் உள்ள நுணுக்கமான வெட்டுகள் பனியைக் கவ்விப் பிடிக்கும். நான்கு சக்கரங்களுக்கும் போட வேண்டும். முன்னால் இரண்டுக்கு மட்டும் போட்டு மிச்சம் பிடித்தால், திருப்பத்தில் பின்பக்கம் வழுக்கி வண்டியே சுழன்றுவிடும்.

இரண்டு செட் டயர் வீண் செலவு என்பவர்கள் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். ஒரு செட் ஓடும்போது மற்றது ஓய்வில் இருக்கிறது, தேய்மானம் பங்காகிறது. மாற்றும் கூலியும் தனி ரிம்மும்தான் உண்மையான கூடுதல் செலவு. ஆல் வீல் டிரைவுக்கோ கொடுக்கும் விலையும் அதிகம். பனியே இல்லாத ஜூலையிலும் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். செங்குத்தான மலைச்சாலையில் வசிப்பவருக்கு இரண்டும் தேவைதான். மற்றவர்கள் காசை முதலில் டயரில் போடுவதே புத்திசாலித்தனம்.

கியூபெக் மாகாணம் 2008-லேயே பனிக்கால டயரைக் கட்டாயமாக்கியது. 2019 முதல் அங்கே டிசம்பர் 1-லிருந்து மார்ச் 15 வரை அது இல்லாமல் ஓட்டக் கூடாது. பக்கத்திலிருக்கும் ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. போட்டால் இன்சூரன்ஸில் தள்ளுபடி தர வேண்டும் என்று 2016-ல் விதி கொண்டு வந்ததோடு சரி. எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் வாழும் டொரன்டோ இருப்பது அங்கேதான்.

தள்ளுபடி போதாது. கார் நிற்காமல் போனால் அடிபடுவது ஓட்டியவர் மட்டுமா? பஸ் ஸ்டாப்பில் நிற்பவரும் சாலையைக் கடக்கும் குழந்தையும்தான். மிச்சம் பிடிப்பது ஒருவர், விலை கொடுப்பது இன்னொருவர் என்றால் அது சொந்த விருப்பம் ஆகாது. ஒன்டாரியோவும் கட்டாயமாக்கட்டும்!