ஓராண்டுக் குத்தகையில் யார் மரம் நடுவார்?

2025 ஜனவரி 27 அன்று, அப்போதைய போக்குவரத்து அமைச்சர் அனிதா ஆனந்த், பிக்கரிங்கில் விமான நிலையம் வராது என்றும் அந்தக் காணியை ரூஜ் தேசிய நகரப் பூங்காவுடன் சேர்க்கும் நோக்கம் இருப்பதாகவும் அறிவித்தார். அவருடைய தகப்பனார் தமிழ்நாட்டுக்காரர் என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த சங்கதி. காணியின் கதை அவ்வளவு தெரியாது.

1972இல் சமஷ்டி அரசு ஏறத்தாழ 18,600 ஏக்கரை விமான நிலையத்துக்கென்று சுவீகரிக்க முடிவெடுத்தது. நேற்றுவரை சொந்தக்காரர்களாக இருந்த கமக்காரர்கள் குத்தகைக்காரர்கள் ஆனார்கள். உயர் பாதுகாப்பு வலயங்களைப் பார்த்த சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனால் இங்கே நட்டஈடு கொடுத்தார்கள். அந்த வித்தியாசத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

விமான நிலையம் வரவில்லை. ஐம்பது வருடமாகக் 'கட்டுவோம், கட்டமாட்டோம்' என்ற இழுபறி. அதற்குள் பலருக்குக் கிடைத்தது ஒரு வருடக் குத்தகை. கணக்காளனாக நான் பார்ப்பது இந்த இடத்தைத்தான். வாய்க்கால் ஓரம் மரம் நட்டால், சதுப்பு நிலத்தை மீட்டால், மண்ணைத் தேற்றினால் செலவு இந்த வருடக் கணக்கில் விழும். பலன் பத்து வருடம் கழித்து வரும். அப்போது காணியில் யார் இருப்பார் என்று தெரியாதவன் சோளமும் சோயாவும் போட்டு அந்தந்த வருடத்துக் காசை எடுப்பான். அவனைப் பேராசைக்காரன் என்று சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்திலும் குத்தகைக் காணியில் வெங்காயம் போடுவார்களே தவிர தென்னம்பிள்ளை வைக்கமாட்டார்கள்.

2015இல் ரூஜ் பூங்கா சட்டப்படி உருவானபோது சுவீகரித்த காணியில் ஒரு பகுதி அதற்குள் வந்தது. பூங்காவுக்குள்ளேயே கமம் தொடரலாம் என்று சட்டம் ஏற்றது. பிறகு பார்க்ஸ் கனடா 30 வருடம் வரையான குத்தகைகளைக் கொடுக்கத் தொடங்கியது. சதுப்பு நிலங்களையும் ஓடைக் கரைகளையும் மீட்கும் வேலையில் கமக்காரர்களும் சேர்ந்தார்கள்.

தனியார் காணிகளில் இதே பிரச்சினையை 'ஆலஸ்' என்ற திட்டம் வேறு வழியில் அணுகுகிறது. 2006இல் மானிட்டோபாவில் தொடங்கி ஒன்ராறியோவுக்கும் வந்தது. விருப்பமுள்ள கமக்காரர் சில ஏக்கரைச் சதுப்பாகவோ புல்வெளியாகவோ மரமாகவோ விட்டால், ஏக்கருக்கு வருடாந்தம் பணம் கிடைக்கும். 'தன்னார்வம்' என்றால் 'இலவசம்' என்று நினைக்கும் அதிகாரிகள் கவனிக்க வேண்டிய சங்கதி இது.

ஸ்காபரோவில் கொண்டோவில் இருக்கும் எங்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். ரூஜ் ஆறு வடக்கே கமங்களையும் மார்க்கத்தையும் தாண்டி வந்து எங்கள் கிழக்கு எல்லையில் ஒன்ராறியோ ஏரியில் விழுகிறது. மேலே வயலும் சதுப்பும் உறிஞ்சாத மழை கீழேதான் வரும். 1954 ஒக்ரோபரில் ஹேசல் சூறாவளி ஒன்ராறியோவில் 81 பேரைக் கொன்றது. அதன் பிறகு 1957இல் உருவானதுதான் இன்று ரொறன்ரோ வட்டாரப் பாதுகாப்பு அதிகாரசபையாக இருக்கும் அமைப்பு. ஹைலண்ட் கிரீக் பள்ளத்தாக்கில் நாங்கள் கோடையில் இறைச்சி வாட்டும் இடங்களில் வீடுகள் இல்லாததற்குக் காரணமும் அந்த வெள்ளம்தான்.

பிக்கரிங்கில் மிச்சமிருப்பது சுமார் 8,700 ஏக்கர். அது பூங்காவுக்குள் வருமா என்று மட்டும் எம்.பி.யிடம் கேட்டால் போதாது. அங்கே உழுகிறவர்களுக்கு எத்தனை வருடக் குத்தகை, ஓடைக்கரையில் நடும் மரத்தின் செலவில் அரசின் பங்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.