சுகவீனம் வருமுன் அறிய வேண்டிய சொற்கள்

வெள்ளம் வருமுன் அணை கட்ட வேண்டும் என்பது முதியோர் வாக்கு. நோர்வேயில் நோய்க்குக் கட்டும் அணை, சில சொற்களை முன்கூட்டியே அறிந்து வைத்திருப்பதாகும்.

1980களில் அகதிகளாக வந்து, நோர்வேயின் வடபகுதி மீன் தொழிற்சாலைகளில் உழைத்து, பின்னர் ஒஸ்லோவுக்கு இடம்பெயர்ந்து ஹொல்ம்லியா போன்ற இடங்களில் குடியமர்ந்தோருக்கு இன்று முதுகும் முழங்காலும் நோகும் வயது. ஆயினும் 'நாவ்' அலுவலகக் கடிதத்தைப் பிள்ளை வாசித்துச் சொல்லும்வரை மேசையிலேயே வைத்திருப்போர் உளர். கொடுப்பனவு கேட்பதைக் கையேந்துவதாக எண்ணி வெட்கப்படுவோரும் உளர். இரண்டுமே தவறு. 1967 முதல் நடைமுறையிலுள்ள 'ஃபொல்க்கெத்ரிக்ட்' தருமமன்று, காப்புறுதி. 2025இல் சம்பளத்தில் 7.7 வீதம் அதற்கெனவே அறவிடப்பட்டது.

மயக்கம் தரும் சொற்கள் நான்கு. 'சீக்மெல்டிங்' என்பது வேலை செய்ய இயலாதென வைத்தியர் எழுதும் சான்று, அது பணமன்று. அச்சான்றின்மேல் கிடைக்கும் சுகவீனக் கொடுப்பனவே 'சீகபெங்கர்'. முதல் 16 நாட்களுக்குத் தொழில் கொடுப்பவரும் பின்னர் நாவும் அதனை வழங்குவர். கூடியது ஒரு வருடத்துடன் அது நின்றுவிடும். அதன் பின்னரும் குணமாகாது, வேலைத்திறன் பாதியேனும் குறைந்திருப்பவருக்கு 'ஆ-ஆ-பே' உண்டு. அது பொதுவாக முன்னைய வருமானத்தில் 66 வீதம். தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். 'ஊஃபோரெத்ரிக்ட்' என்பதோ, சிகிச்சையும் தொழில் முயற்சியும் பயனளிக்காமல், உழைக்கும் ஆற்றல் நிரந்தரமாகக் குறைந்தவருக்கு உரியது.

விதியைப் பிழையாக விளங்கினால் என்ன நேரும் என்பதற்கு நாவே சாட்சி. ஐரோப்பியப் பொருளாதாரப் பிரதேச விதிகளை அது பல்லாண்டுகளாகத் தவறாகப் பிரயோகித்தமை 2019 ஒக்டோபரில் வெளியாயிற்று. கொடுப்பனவு பெற்றபடி அப்பிரதேச நாடுகளில் தங்கியதற்காகக் குற்றமற்றோர் சிறை சென்றிருந்தனர். ஆனால் ஊர்க் கோவிற் கொடியேற்றத்துக்கு யாழ்ப்பாணம் செல்வது அப்பிரதேசத்துக்கு வெளியே செல்வதாகும். சீகபெங்கரோ ஆ-ஆ-பேயோ பெறுவோர் புறப்படுமுன் நாவிடம் விண்ணப்பித்தே ஆக வேண்டும்.

அதிகாரிகளே தவறக்கூடுமெனில், மறுப்புக் கடிதத்தைத் தலைவிதியென ஏற்பது அறிவன்று. 6 வாரங்களுக்குள் 'க்லாகெ' எனும் முறைப்பாடு செய்யலாம். அதுவும் பலனளிக்காவிடில் 'த்ரிக்டெரெட்டன்' எனும் மேன்முறையீட்டு மன்றம் உண்டு.

மொழி தெரியாமை இதற்குத் தடையன்று. 2022 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள மொழிபெயர்ப்பாளர் சட்டப்படி, உரிமையைக் காக்கத் தேவையான இடத்தில் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை அரச அலுவலகமே ஒழுங்கு செய்ய வேண்டும். சிறு பிள்ளைகளை அப்பணியில் ஈடுபடுத்துவதையும் சட்டம் தடுக்கிறது. தந்தையின் நோயையும் குடும்பத்தின் பணமுடையையும் அந்நிய அதிகாரிக்கு எடுத்துச் சொல்லும் பாரம் பாடசாலைப் பிள்ளையின் தோளில் ஏற்றத் தக்கதன்று.

கடிதம் வந்த அன்றே பிரித்துப் படிப்பதும், விளங்காத சொல்லைக் கேட்டறிவதும் வெட்கமன்று. உழைத்துக் கட்டிய காப்புறுதி உரியவேளையில் உதவ, அங்கத்தவர்கள் இச்சொற்களை இன்றே மனத்திற் பதித்துக் கொள்வார்களாக.